வவுச்சரின் ஆயுள் ஒரு நாள்!

துடைப்பம் தேடித்தான் அந்தக் கதவைத் திறந்தாள் ஷார்னெல்.

துடைப்பம் இருந்தது.

பக்கத்தில் ஒரு பிணமும் இருந்தது!

மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன சாமான் அறை. சுவரில் சாய்ந்து, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார் வெர்னான் டகெட். இந்த வீட்டை அவளுக்கு வாடகைக்குத் தர ஒப்புக்கொண்ட ஒரே புண்ணியவான். நெற்றியின் ஓரத்தில் ரத்தம்... விழிகள் கூரையைப் பார்த்தபடி...

தொண்டைவரை வந்த அலறலை அப்படியே விழுங்கினாள்.

முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாக ஆயா வேலை பார்ப்பவள். சாவு அவளுக்குப் புதிதில்லை. டகெட்டின் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

துடிப்பு இல்லை.

ஆனால்... சூடு இருந்தது!

அதாவது, செத்து வெகு நேரம் ஆகவில்லை!

அந்த நேரம் பார்த்து அவளுடைய செல்போன் அலறியது. பெரியம்மா மகள் டமீக்கா. மூன்று மாதமாக ஷார்னெலும் ஒன்பது வயது மகள் இமானியும் படுத்துக் கிடப்பது இவள் வீட்டு சோபாவில்தான்.

“என்னடி, இன்ஸ்பெக்டர் வந்தாச்சா?”

“இன்னும் இல்ல. ஒரு மணிக்குன்னு சொல்லியிருக்காங்க...” ஷார்னெல் டகெட்டிலிருந்து கண்ணைத் திருப்பினாள். “அவங்க பாஸ் போட்டுட்டா வீடு நம்மளுதுடி.”

“போட்டுட்டாவா? போட்டே ஆகணும்டி! ஞாயித்துக்கிழமை என் புருஷன் வந்துடுவார். சோபா காலியாகணும். உன்னையும் புள்ளையையும் பிப்ரவரிக் குளிர்ல தெருவுல நிறுத்தணும்னு எனக்கென்ன வேண்டுதலா?”

“தெரியும்டி...”

“ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?”

“பெ... பெருக்கிட்டிருக்கேன்.”

போனை வைத்தாள். போலீசைக் கூப்பிட 911-ஐ அழுத்தப் போனாள். ஒன்பதை அழுத்தினாள். ஒன்றை அழுத்தினாள்...

விரல் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் வவுச்சர் வைத்திருப்பவர் எவரும் கேட்க மாட்டார்கள்.

ஏழு வருடம் வரிசையில் காத்திருந்து வாங்கிய வாடகை உதவி வவுச்சர். ஷார்னெல் சம்பாதிப்பதில் நூற்றுக்கு முப்பது அவள் கட்ட வேண்டும். மிச்ச வாடகையை அரசாங்கம் கட்டும். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டை அவளேதான் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் தலையாட்ட வேண்டும். ஹவுசிங் இன்ஸ்பெக்டர் வந்து அக்குவேறு ஆணிவேறாக வீட்டைச் சோதித்து, பாஸ் போட வேண்டும். இத்தனைக்கும் கெடு அறுபதே நாள்!

‘வவுச்சரா? அடடா, இப்பதான் வீடு போச்சு’ என்று சொன்னவர்கள் இருபத்து மூன்று பேர். அந்த வீடுகளில் பாதி இன்னும் காலியாகக் கிடக்கின்றன. ஒரு வீடு கிடைத்தது. சுவிட்சுக்கு மூடி இல்லை என்று இன்ஸ்பெக்டர் ஃபெயில் போட்டார். இரண்டு டாலர் மூடி! ‘இந்தத் தொல்லையே வேணாம்மா’ என்று வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஐம்பத்தொன்பதாவது நாள் கையெழுத்துப் போட்டவர் டகெட். மனுவைக் கொடுத்ததும் கெடு அப்படியே நின்றது. இந்த வீடு கை நழுவினால் மறுபடி ஓடத் தொடங்கும். பாக்கி இருப்பது ஒரு நாள்! ஒரு நாளில் அந்த ஊரில் காரை நிறுத்தவே இடம் கிடைக்காது.

போலீஸ் வந்தால் வாசலில் மஞ்சள் நாடா கட்டும். இன்ஸ்பெக்டர் திரும்பிப் போய்விடுவார். அப்புறம்?

“மன்னிச்சுடுங்க மிஸ்டர் டகெட்...” ஷார்னெல் அவர் பக்கம் குனிந்தாள். “ஒரு மணி நேரம். பாஸ் போட்டுட்டு அவங்க போனதும் நானே போலீசைக் கூப்பிடுறேன். சத்தியமா!”

டகெட் மறுப்பு சொல்லவில்லை. வாழ்நாளில் அதுதான் முதல் முறை.

கதவை மூடினாள்.

கீழே, நிலவறையில்... டங்!

விறைத்துப் போனாள். ஹீட்டர் குழாய்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடித்தவன் இன்னும் இந்த வீட்டிலேயே இருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை வேக வேகமாகப் பெருக்கித் தள்ளினாள்.

டொக்... டொக்... டொக்!

இந்தச் சத்தம் வாசல் கதவிலிருந்து.

மணி பன்னிரண்டு நாற்பது. அரசாங்க இன்ஸ்பெக்டர் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் வருகிறார்! அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆசை உறைக்க விடவில்லை.

“ஹவுசிங் ஆபீஸ்லேர்ந்து வர்றேன், மேடம்.”

நெட்டையன். கம்பளித் தொப்பி. கையில் பரீட்சை அட்டை, அதில் செருகிய காகிதம். பேண்ட் முட்டியில் தூசி.

“வாங்க சார்! வாங்க!”

வந்தான். நடந்தான். டிக் அடித்தான். படுக்கையறை ஜன்னலை ஏற்றிப் பார்க்கவில்லை... பாஸ். புகை அலாரத்தை அழுத்திப் பார்க்கவில்லை... பாஸ். அடுப்பைத் தொடவேயில்லை.

“நல்ல அடுப்பு. பாஸ்!”

நான்கு நிமிடத்தில் வீடு முடிந்தது. ஷார்னெலின் கண்ணில் நீர் முட்டியது.

“வாழ்த்துக்கள் மேடம். இப்பவே ஆபீசுக்கு ஓடுங்க. நான் பூட்டிட்டு வர்றேன்.”

“நீங்க முன்னால போங்க சார். எனக்குப் பெருக்குற வேலை இருக்கு.”

“ஒரு ரூம் பாக்கி இருக்கே...” அவன் பார்வை மாடிப்படி அடிக்குப் போனது.

“அதுல வெறும் துடைப்பம்தான் சார்!”

“துடைப்பத்தையும் பாக்கணும். ரூல்ஸ்.”

“சாவி தொலைஞ்சுபோச்சு சார்!”

“என்கிட்ட விடுங்க. நீங்க கிளம்புங்க.”

“நான் ஏன் சார் கிளம்பணும்?”

இருவரும் சிரித்தார்கள். இருவருக்கும் வியர்த்தது.

“தண்ணி குடிக்கிறீங்களா சார்?” அவனை அந்தக் கதவருகிலிருந்து நகர்த்த அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தாள்.

ஸ்ஸ்ஸ்...

காற்று! வெறும் காற்று! போன வாரம் வீடு பார்க்க வந்தபோது கொட்டிய குழாய்!

“சார்... தண்ணி வரல.”

பின்னாலேயே வந்தவன் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதனாலென்ன? பாஸ்!”

ஷார்னெலின் கை குழாயிலேயே நின்றது.

இரண்டு டாலர் மூடிக்கு ஃபெயில் போடுகிற ஊர்! தண்ணீர் வராத வீட்டுக்கு பாஸ் போடுகிற இன்ஸ்பெக்டர் அங்கே இன்னும் பிறக்கவில்லை. தண்ணீர் வரவில்லை என்றதும் இவன் ஏன் திகைக்கவில்லை? குழாயில் தண்ணீர் இருக்காது என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

அறுத்தவனுக்குத்தான் தெரியும்!

காலி வீடுகளின் நிலவறையில் புகுந்து செம்புக் குழாயை அறுத்து விற்கிற கூட்டம்... டகெட் பார்த்திருக்கிறார்... இவன் அடித்திருக்கிறான்... அவள் போனில் பேசியதைக் கீழேயிருந்து கேட்டுவிட்டு, பின்பக்கமாக வெளியேறி இன்ஸ்பெக்டராக வந்திருக்கிறான்!

அவள் முகத்தை அவன் படித்துவிட்டான். அவன் கை ஜாக்கெட்டுக்குள் போனது. உள்ளே கனமாக ஏதோ புடைத்தது. குழாய் திருகும் பைப் ரெஞ்ச்!

“இதோ பாரு,” குரல் கிசுகிசுப்பாக மாறியது. ‘மேடம்’ காணாமல் போனது. “அந்தாள இழுத்துட்டுப் போய் வைக்கறப்ப என் வண்டிச் சாவி அங்க விழுந்துடுச்சு. சாவி கெடைச்சா நான் போயிடுவேன். நீ என்னைப் பாக்கல, நான் உன்னைப் பாக்கல. பொணத்தை வச்சுக்கிட்டு வீடு பிடிக்கப் பாத்தவதானே நீ? ரொம்ப யோக்கியமா மூஞ்சிய வச்சுக்காதே!”

சுருக்கென்று தைத்தது. பொய் இல்லையே!

டம்! டம்! டம்!

“ஹவுசிங் இன்ஸ்பெக்ஷன்! உள்ள யாரு? கதவைத் திறங்க!”

திறப்பதற்குள் அவரே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். குட்டையான அம்மாள். கழுத்தில் அடையாள அட்டை... பெர்னிட்டா ஹோல்கம். கையில் முழ நீள டார்ச்.

“நான் இன்ஸ்பெக்டர். இவரு யாரு?”

“நானா? மிஸ்டர் டகெட்டோட ஆளு,” என்றான் நெட்டையன்.

“டகெட் எங்க?”

ஷார்னெலும் நெட்டையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வரமாட்டாராக்கும்! வீட்டை வாடகைக்கு விடுறவங்களுக்கு இன்ஸ்பெக்ஷன்னாலே வயித்துவலி வந்துடும்.” அம்மாள் வேலையைத் தொடங்கிவிட்டார். ஜன்னலை ஏற்றினார், இறக்கினார். அலாரத்தை அலற விட்டார். நிலவறைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். “லைட் எரியல... அப்புறம் பாக்கறேன்.” அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு, நேரே மாடிப்படி அடிக்கு நடந்தார்.

“இதுக்குள்ள என்ன?”

ஷார்னெல் வாயைத் திறந்தாள்.

பெர்னிட்டாவின் கை கைப்பிடியில்... அவருக்குப் பின்னால் நெட்டையன்... ஜாக்கெட்டிலிருந்து வெளியே வருகிறது ரெஞ்ச்... மெல்ல மேலே எழுகிறது...

கத்தினால் வீடு போச்சு. கத்தாவிட்டால் இந்த அம்மாள் உயிர் போச்சு.

ஏழு வருடம் ஒரு பக்கம்... ஒரு விநாடி ஒரு பக்கம்...

“மிஸ்! குனிங்க!”

முதியோர் இல்லத்தில் தினமும் நூறு கிலோ ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற தோள்கள் அவை. முழு வேகத்தில் போய் மோதினாள். நெட்டையன் தடுமாறினான். பின்னால் நிலவறைக் கதவு திறந்திருந்தது. அவன் படிப்படியாக இறங்கவில்லை. மொத்தமாக இறங்கினான்!

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“அவன்... அவன்தான் டகெட்டைக் கொன்னவன்! உள்ள... அந்த ரூம்ல...”

பெர்னிட்டா சாமான் அறையைத் திறந்தார். பார்த்தார். மூடினார். வாழ்க்கையில் முதல் முறையாக டார்ச்சைக் கீழே போட்டார்.

நிலவறையில் ஓடும் காலடி... பின்சந்தில் திறக்கும் தகரக் கதவை மோதும் சத்தம்... திறக்கவில்லை! மறுபடி மோதல்... திறக்கவில்லை!

“இடிக்காதேடா! நீ இது வழியா வெளிய நழுவினப்பவே இதைப் பூட்டியாச்சு!” சந்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கணீரென்று கேட்டது. “போலீசுக்கும் சொல்லியாச்சு! நல்ல புள்ளையா படியில உக்காரு!”

பக்கத்து வீட்டு மிஸ் ஒடெஸ்ஸா. எழுபத்தெட்டு வயது. தெருவில் எந்த நாய் எந்தக் கம்பத்தில் காலைத் தூக்கியது என்பதுவரை தேதியோடு சொல்லக்கூடியவர்.

மூன்று நிமிடத்தில் போலீஸ். ஐந்தாவது நிமிடம் நெட்டையன் கையில் விலங்கு. அப்புறம் டிடெக்டிவின் கேள்விகள்.

“பொணத்தைப் பாத்துட்டு ஏன் உடனே சொல்லல?”

ஷார்னெல் மறைக்கவில்லை. வவுச்சர், சோபா, ஞாயிற்றுக்கிழமை... எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள்.

டிடெக்டிவ் பெருமூச்சு விட்டார். “உன்னை உள்ள தள்ள எனக்கு ரூல் இருக்கும்மா.” பெர்னிட்டாவின் தலையைப் பார்த்தார். முழுசாக இருந்தது. நோட்டை மூடினார். “இன்னிக்கு அந்தப் பக்கம் புரட்ட எனக்கு நேரமில்ல.”

டகெட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷார்னெல் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

“முடிஞ்சுது... ஓனரே போயிட்டார். ஒப்பந்தத்துல யாரு கையெழுத்துப் போடுவா? குழாயை யாரு சரி பண்ணுவா? இமானிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்...”

“ஃபெயில்தான் போடணும்,” என்றார் பெர்னிட்டா மெதுவாக. “தண்ணி இல்ல. என் உயிரை நீ காப்பாத்தினேங்கறதுக்காகப் பொய் எழுத முடியாதும்மா. ஓனர் முப்பது நாளுக்குள்ள சரி பண்ணிட்டா மறுபடி வந்து பாப்பேன். ஆனா ஓனர்...”

“ஓனருக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!”

மிஸ் ஒடெஸ்ஸா!

ஷார்னெல் விழித்தாள். “நீங்களா...?”

“பின்ன, அந்தத் தகரக் கதவுக்குப் பூட்டு என்கிட்ட எப்படி வந்துச்சு? என் வீடு, என் பூட்டு!”

பெர்னிட்டா அவசரமாக மனுவைப் புரட்டினார். “ஆமா... ஓனர்ங்கற இடத்துல ஒரு கம்பெனி பேரு. டகெட் வெறும் ஏஜென்ட்டாத்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“அந்தக் கம்பெனியில ஒரே ஆளு. அது நான்தான்.” கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பதினோரு வருஷம் வெர்னானை முன்னால நிறுத்தி வச்சேன். வாய்தான் பெருசு. ஒரு டாலர் தப்பா எடுத்ததில்ல, பாவி மனுஷன்... வீட்டுக்காரி பக்கத்துலயே இருக்கான்னு தெரிஞ்சா, பல்பு போனாக்கூட வந்து தட்டுவாங்களேன்னுதான் நான் வெளிய சொல்லல.”

“மிஸ் ஒடெஸ்ஸா... எனக்கு... எங்களுக்கு...?”

“பிளம்பர் நாளைக்கு வர்றான். ஞாயித்துக்கிழமை புள்ளையைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வா. ரிப்பேர் முடியறவரைக்கும் என் மாடி ரூம்ல இருங்க. இந்த ரகசியத்தை மட்டும் தெருவுல விட்டுடாதே. ஒரு பொணத்தையே வெளிய தெரியாம வச்சிருந்தவ, இதைக் காப்பாத்த மாட்டியா என்ன?”

ஷார்னெல் சிரித்தாளா, அழுதாளா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

பெர்னிட்டா தன் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

“அடுத்த செவ்வாய்க்கிழமை வருவேன். வீட்டுல நீயும் உன் மகளும் மட்டும்தான் இருக்கணும். வவுச்சர்ல ரெண்டு பேருதான்... செத்தவங்களைக் கூட வச்சுக்கவும் அனுமதி கிடையாது!”