கரி விழுந்த இடம்

பங்குனி வெயிலில் ஐஸ் உருகுவது அதிசயமில்லை. உருகாமல் வேறென்ன செய்யும். ஆனால் அது உருகிய விதம்தான் அம்சவேணிக்குப் பிடிக்கவில்லை. முனை மழுங்கி, ஓரம் கரைந்து, மேலிருந்து வழிந்தால் சரி. இதுவோ மேல்பரப்பெல்லாம் குத்தூசியால் குத்தியது மாதிரி பொடிப்பொடித் துளைகளாக உள்ளே இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு துளையின் அடியிலும் கடுகளவு கறுப்புப் பொட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

ரைஸ்மில் கரி. வேறென்ன! வீட்டுக்குப் பின்னால் நெல் அவிக்கிற மில் வந்த நாளிலிருந்து, கொடியில் காயும் துணி முதல் தறியில் ஓடும் பாவு வரை எல்லாவற்றிலும் அந்தச் சனியன் வந்து படிகிறது. போய்ச் சொன்னால், “புகைபோக்கிய கையால பொத்திக்கினு நிக்கச் சொல்றியாமா?” என்று மானேஜர் சிரிக்கிறான். இன்றைக்கு அது அம்மாவின் ஐஸிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அம்மா கமலவேணி நேற்று, வியாழக்கிழமை விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். கூடம் முழுக்கத் தறி. தறிக்குழியில் தண்ணீர் இறங்கினால் பாவு பாழாகிவிடும். அதனால் தண்ணீர் வெளியேற வழி இருக்கிற முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே, ஐஸ் பாளங்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, அவளைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நிழலுக்கு ஒரு பழைய வேட்டியைக் கட்டியிருந்தார்கள். வெயில் ஏற ஏற அது அம்மாவின் முகத்தை மட்டும்தான் மறைத்தது.

எல்லாம் தம்பி வேலாயுதத்துக்காக. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் அம்மா மகளின் மணிக்கட்டை விடவில்லை. “வேலு கையால கொள்ளி வாங்கினாத்தான் எனக்குப் போற வழி தெரியும். வேற யாரையும் வுடாத” என்றாள். “சரிமா” என்று அம்சவேணி சொன்ன பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. நான்கு வருஷமாக ஊர்ப்பக்கமே வராத தம்பி, இமயமலையில் எங்கேயோ ரோடு போடுகிற இடத்தில் ஸ்டோர் பார்க்கிறான். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள்; மலையேறிப் போய் உட்கார்ந்துகொண்டவன் அவன்.

தந்தி கொடுத்தாள். எந்த நிலையில் இருந்தாலும் உடனே வா என்று எழுதச் சொன்னாள். மூன்று மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. தந்திக்கார முனிசாமி சைக்கிளை நிறுத்திவிட்டு, இங்கிலீஷில் இருந்ததை வாசலிலேயே படித்துச் சொன்னார்: “வருகிறேன். எடுக்க வேண்டாம்.” பிறகு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த மலைக்குத் தந்தி போய்ச் சேரவே ரெண்டு நாள் ஆவும்மா. இவ்ளோ சுருக்கா பதில் வந்து நான் பாத்ததே இல்ல” என்றார். வந்ததே பெரிது என்று அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இன்று வெள்ளி. ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது சித்தப்பா நமச்சிவாயத்தின் கட்டளை.

“நாளைக்கு சனிக்கெழமை. சனிப்பொணம் தனியா போவாதுன்னு உனக்குத் தெரியாதா? கூட யாரை அனுப்பப்போற? என் புள்ள தர்மன் வைக்கட்டும் கொள்ளி. அவனும் இந்த வீட்டு ரத்தந்தான்” என்றார்.

“வேலு வருவான் சித்தப்பா.”

“அங்கேர்ந்து ரயில்ல வர நாலு நாளுனு நீதானமா சொன்ன?”

அம்சவேணி கொல்லையில் போய் ஒரு குடம் தண்ணீர் சேந்தி, முகம் கழுவிக்கொண்டு திரும்பினாள். பாளங்கள் நான்கும் கன்னங்கரேல் என்று கிடந்தன. ஐஸ் கம்பெனியிலிருந்து வந்த உமி தீர்ந்துபோனதால், சித்தப்பா ரைஸ்மில் கொதிகலன் அடியிலிருந்து இரண்டு சாக்கு உமிக்கரியை அள்ளி வந்து கொட்டியிருந்தார்.

“என்ன பண்ணிட்டீங்க சித்தப்பா!”

“ஏன், உமிக்கரிக்கு என்ன கேடு? ஊரே அதுலதான் பல்லு வெளக்குது. அத விட சுத்தமான பொருள் எது? உமி ஐஸைக் காக்குதுல்ல, கரியும் காக்கும்.”

“காக்காது. தின்னுடும். வேலு எழுதியிருக்கான்.”

போன தை மாதம் வந்த கடிதம் அது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆணியில் குத்தியிருந்ததை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் படித்தாள். ‘இங்க தார் காய்ச்சுற புகை, லாரிப் புகை எல்லாம் பனி மேல படியுது அக்கா. பனி வெள்ளையா இருக்கிற வரைக்கும் வெயில அப்படியே திருப்பி அனுப்பிடும், அசையாது. கரி பட்ட இடம் வெயிலக் குடிச்சிடுது. கடுகளவு கரி ஒரு முழம் இறங்குது. பனி போனா அடியில கறுப்பு மண்ணு. அது இன்னும் குடிக்கும். உலகத்துப் பனியெல்லாம் இப்படிப் போச்சுன்னா பூமியே சூடாயிடும்னு எங்க இன்ஜினீயர் சொல்றாரு. போன வருஷம் சரிவுல பொதைஞ்ச கோவேறு கழுதை ஒண்ணு நேத்து வெளிய வந்துச்சு. நின்ன வாக்குலயே நிக்குது. தோல் கூடக் கெடல.’

“இமயமலைக் கதையெல்லாம் காஞ்சீபுரத்துல எதுக்கு?” என்றான் தர்மன். இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கரியை வாரி வாரி எறிந்தாள். மேலாக இருந்தது வந்தது. மிச்சம் ஐஸோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு அலம்பினாள். பொடி இன்னும் ஆழமாகப் போய்த் தங்கியது. எவ்வளவு தேய்த்தாளோ அவ்வளவு கறுத்தது.

பத்தரைக்குள் பாளங்கள் பாதியாகிவிட்டன. முற்றத்திலிருந்து வெளியேறிய தண்ணீர் சாயம் கரைத்தது மாதிரி கறுப்பாக ஓடியது. வேறு ஐஸ் வர சாயங்காலமாகும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வெயில் வெள்ளை வெளேரென்று தலைக்கு நேராக ஏறிக்கொண்டிருக்க, துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழியாகி, குழிகள் சேர்ந்து பள்ளமாகி, உள்ளே எங்கேயோ பாளம் பிளக்கும் சத்தம் டக், டக் என்று, யாரோ உள்ளிருந்து விரல் முட்டியால் தட்டுவது மாதிரி, ஒப்பாரிக்கு நடுவிலும் அவள் காதில் தனியாக விழுந்துகொண்டிருந்தது. கைவிசிறியால் கரியைத் தள்ளினாள். தள்ளத் தள்ள வந்து விழுந்தது. இரு, இரு, கொஞ்சம் இரு என்று ஐஸைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை இருக்கும். கால் விரல்கள் மரத்துப்போயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

ஐஸின் குளிர் அல்ல. அதற்கு நேற்றிலிருந்தே பழகியிருந்தாள். ஒரு முழம் தள்ளி நின்றால் தெரியாது. இது முதுகுப்பக்கம் இருந்து வந்தது. ரேழி வழியாக. தெருவிலிருந்து. வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்கள். “என்னமோ சில்லுனு இருக்குதுமா” என்றாள் எதிர்வீட்டு அலமு. ஒப்பாரி தேய்ந்து தேய்ந்து நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

தார் வாசனை வந்தது.

தெருவில் யாரும் ரோடு போடவில்லை. எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கால் எழவில்லை. வாசனை நெருங்கியது. காக்கைகள் இல்லை. சத்தம் இல்லை. பாளம் மட்டும். டக். டக்.

பன்னிரண்டு அடித்தது.

“தர்மா, தலைக்கு ஊத்திக்கினு வா” என்றார் சித்தப்பா. அம்சவேணி ஓடிப்போய்ப் பலகையின் குறுக்கே விழுந்தாள். “தொடாதீங்க! அவன் வருவான்! வருவான்னு சொல்றேன்ல!” இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அழுகைகூட வரவில்லை, அத்தனை ஆத்திரம். அப்போதுதான் வாசலில் கூச்சல் எழுந்தது.

“அண்ணன் வந்துட்டாருபா! வேலண்ணன்!”

ரேழியின் இருட்டிலிருந்து அவன் வந்தான். வெயிலில் அடிபட்டுக் கறுத்திருப்பான் என்று நினைத்திருந்தாள், வெளுத்திருந்தான். பங்குனியில் கம்பளிக் கோட்டு. கையில் பை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்சவேணிக்கு உடம்பெல்லாம் ஒரே நேரத்தில் இளகிவிட்டது. எழுந்து ஓடினாள்.

“நாசமாப்போறவனே, இப்பத்தான்டா உனக்கு வழி தெரிஞ்சுது!” என்று இரண்டு கையாலும் அவன் மார்பில் அடித்தாள். கட்டையில் அடித்தது போலக் கை வலித்தது.

“எடுத்துடலியே அக்கா?”

“எடுக்க வுட்டுடுவனா?”

அவன் தலையாட்டினான். அம்மாவைப் பார்த்தான். இமைக்கவில்லை.

“நாலு நாள் ஆவும்னாங்களேப்பா, எப்படி வந்த?” என்று சித்தப்பா கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள், “மிலிட்டரி ஏரோப்ளேன்ல ஏத்திவுட்டிருப்பாங்க” என்று தர்மனே சொல்லிவிட்டான். எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. கொள்ளி வைக்கப் பிள்ளை வந்துவிட்டான், வேறென்ன வேண்டும். அம்சவேணிக்கும் அது போதுமென்றுதான் இருந்தது. அம்மாவின் காதருகில் குனிந்து, “வந்துட்டாம்மா” என்றாள்.

கோட்டைக் கழற்றி, இடுப்பில் ஒற்றை வேட்டியோடு கிணற்றடியில் உட்கார வைத்து, தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய தர்மன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு விரல்களை உதறினான். ஈர வேட்டியோடு வேலாயுதம் முற்றத்துக்கு வந்து, வெயிலில் நின்றான். கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள். தணல் சிவப்பாக இருந்தது.

மில்லில் கொதிகலனின் கரியை ஊதிவிட்டார்கள். புகைபோக்கி குப்பென்று கக்கியது. கரி பூப்பூவாக இறங்கியது. சித்தப்பாவின் வழுக்கையில் விழுந்தது, துடைத்தார், ஈஷிக்கொண்டது. அம்சவேணியின் கையில் விழுந்தது; ஊதினாள், பறந்தது. வேலாயுதத்தின் தோளில் ஒரு பொட்டு விழுந்தது. அவள் பாசத்தோடு கையை நீட்டினாள், தட்டிவிட.

தட்ட முடியவில்லை. அது இறங்கிக்கொண்டிருந்தது.

தோலுக்குள். மெதுவாக. சுற்றிலும் பளபளவென்று ஈரம். ரத்தம் இல்லை. குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அடியில் கறுப்பு.

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. கன்னத்தில் ஒன்று விழுந்தது. நெற்றியில் ஒன்று. மார்பில் நாலைந்து. எல்லாம் இறங்கின. அவன் காலடியில் தண்ணீர் தேங்கியது. ஊற்றிய தண்ணீர் எப்போதோ வடிந்திருக்க வேண்டும். இது நிற்கவில்லை.

“வேலு...” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பார்ப்பானே, அதே பார்வை. “வெயில் சாஸ்தியா இருக்குது அக்கா. சீக்கிரம் சொல்லு” என்றான்.

அவன் உதட்டோரத்திலும் ஒரு துளை இருந்தது.

கத்த வேண்டும். எல்லோரையும் விரட்ட வேண்டும். சட்டியைப் பிடுங்க வேண்டும். பலகையில் அம்மா கிடந்தாள். மணிக்கட்டில் அந்தப் பிடி இன்னும் வலித்தது. ஆற்றங்கரைச் சுடுகாடு ஒரு மைல் தூரம்.

“தூக்குங்கப்பா!” என்று அம்சவேணி அலறினாள். “என்ன பார்த்துக்கினு நிக்கிறீங்க? தூக்குங்க! சீக்கிரம் போங்க!”

“இவ்ளோ நேரம் எடுக்காத எடுக்காதன்னு உசுர வாங்கிட்டு, இப்ப அவசரத்தப் பாரு” என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே அம்மாவைப் பாடைக்கு மாற்றித் தூக்கச் சொன்னார்.

தெருவில் பறை அடித்தது. வேலாயுதம் சட்டியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி முன்னால் நடந்தான். பாடை பின்னால் நகர்ந்தது. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அம்சவேணி நிற்கவில்லை, பாடையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நாலு வீடு தூரம் ஓடினாள். அலமு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

நிழல் விழாத நேரம். மில் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. வேலாயுதம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவன் வெற்று முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளையாக. அதில் கரி விழுந்துகொண்டே இருந்தது. துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

சட்டி அவனுக்கு முன்னால் இருந்தது. பின்னால் நிற்பவள் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை.

முதுகின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, தணல் சிவப்பாகத் தெரிந்தது. அவன் அடியெடுத்து வைக்க வைக்க, அது பெரிதாகிக்கொண்டு போயிற்று.