ஐம்பத்தெட்டில் நின்ற முள்

"அந்தக் காபிய எஞ்சின் மேலயே வையேன், ஆறாம இருக்கும்" என்றார் என் கணவர் ஆர்விட், வேனின் பின்விளக்கைக் கழற்றியபடி.

"பல்பு மாத்துறேன்னு குரூஸ் கன்ட்ரோலச் சாகடிச்சீங்க. இப்பத் திரும்பவும் பல்புலயே கை வைக்கிறீங்களே?"

"வியாதி இங்கதான்டி இருக்கு."

காலை எடுத்தாலும் வேகம் மாறாமல் ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் எங்கள் பழைய வேனில் கிடையாது. தனியாக ஒரு பெட்டி வாங்கி அவரே பொருத்தியது. பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் ஒட்டிய காந்தங்களை எண்ணி வேகத்தை அறியும். சிறு உலோக மணிகள் கோத்த சங்கிலியை இழுத்து எஞ்சினை அதே வேகத்தில் கட்டிவைக்கும். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். கோடையில் பின்விளக்குகளுக்கு எல்.இ.டி. பல்பு போட்டார். அன்றிலிருந்து பெட்டி வேலை செய்யவில்லை.

"பழைய பல்போட இழை வழியாத்தான் இது பிரேக்கப் பாக்குது. எல்.இ.டி.யில இழையே இல்ல. நான் பிரேக்க மிதிச்சிக்கிட்டே இருக்கேன்னு நினைக்குது, மக்குப் பொட்டி."

பழைய பல்புகளை மாட்டினார். காபியைக் குடித்தார். ஓட்டிப் பார்த்து வருவதாகக் கிளம்பினார்.

எங்கள் டகோட்டா சமவெளியில் சாலைகள் கோடு கிழித்தது போல நேரானவை. எதிரில் வருபவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும், அதுதான் வணக்கம். ஆர்விட் மட்டும் இரண்டு தூக்குவார். ஒரு விரல் கஞ்சத்தனமாம்.

சற்று நேரத்தில் கைபேசி அடித்தது.

"மார்லிஸ், புடிச்சிருச்சு! ஐம்பத்தெட்டு மைல். கால எடுத்துட்டேன், வேக முள்ளு அசையல."

"பெருமை போதும், ரோட்டப் பாருங்க."

தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம்.

பிறகு எஞ்சின் மட்டும்.

ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே இரைச்சல்.

"ஆர்விட்? பிரேக்கத் தொடுங்க. தொட்டாப் போதும்!"

வீட்டுத் தொலைபேசியில் போலீஸை அழைத்தேன். மறு காதில் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. என் சமையலறையில் நின்றுகொண்டு, எட்டாத ஒரு பிரேக்குக்காக நான் கத்திக்கொண்டிருந்தேன்.

சாலை வளையும் இடத்தில் வேன் நேராகப் போய் பீட் கிழங்கு வயலில் புதைந்து நின்றது. வேனில் ஒரு கீறல் இல்லை. என்னோடு பேசும்போதே அவர் இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

அடக்கம் முடிந்து சர்ச்சில் சாண்ட்விச் பரிமாறினார்கள். பீட் லாரி ஓட்டும் செல்மர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அக்கா, டாக்டர் தப்பா சொல்றார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவர் என்னக் கடந்து போனார். ரெண்டு விரலத் தூக்கினாரே."

வளைவுக்கு முன்னால் என் காதில் நெடுநேரமாக எஞ்சின் மட்டும்தான் இருந்தது.

ஆர்விட்டின் தம்பி வெர்லின் அந்தப் பெட்டியைப் பிடுங்கி எடுத்தான்.

"சங்கிலி, குழாய், ஒயரு, காந்தம், எல்லாம் போச்சு அண்ணி. உங்க திருப்திக்கு எல்.இ.டி. பல்பும் மாட்டிட்டேன். இனி இது நினைச்சாலும் ஓடாது. பேசாம வேன வித்துடுங்களேன்."

"வேலைக்கு என்ன, உன் முதுகுல ஏறியா போறது?"

திங்கட்கிழமை காலை நல்ல வெயில். நகரத்துக்கு ஓட்டினேன்.

பாதி வழியில் சூடான காபி மணம் வந்தது.

என் கால் மிதிக்காமலே ஆக்சிலரேட்டர் பெடல் தாழ்ந்தது. பூட்ஸ் கால் அழுத்துவது போல, மெதுவாக.

நான் காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை.

பிரேக்கைத் தொட்டேன். விட்டது.

பிறகு மறுபடி தாழ்ந்தது.

"ஆர்விட், வேண்டாம்" என்று கிசுகிசுத்தேன். "நான் வளைவுல திரும்பணும்."

எதிரில் செல்மரின் லாரி. அவன் ஒரு விரலைத் தூக்கினான். கடக்கும்போது அவன் முகம் வெளிறியதைப் பார்த்தேன்.

வளைவில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துத்தான் திரும்பினேன்.

மாலையில் செல்மர் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"அக்கா, காலைல நீங்களா ரெண்டு விரலத் தூக்கினீங்க?"

என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன.

பெட்டி இப்போது கராஜில் ஒரு காபி டப்பாவுக்குள் கிடக்கிறது. நான் இன்னமும் அதே வேனில்தான் வேலைக்குப் போகிறேன். நேர்ச்சாலைக்கு வந்ததும் காலை எடுத்துவிடுகிறேன்.

முள் ஐம்பத்தெட்டில் நிற்கிறது.