என் பங்குக்கு வந்த சட்டை

சூராகான் இறந்த ஐந்தாவது வியாழக்கிழமை மத்தியானம் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பனி கணுக்கால்வரை கிடந்தது. உள்ளே முன்பின் தெரியாத ஒருவன் நாடா பிடித்து அறையை அளந்துகொண்டிருந்தான்.

“யாருடா இது, தோலோன்?”

“வீட்டை வாங்கப் போறவர், பெரியம்மா.” சூராகானின் மூத்த மகன் அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“உங்கம்மா போய் நாற்பது நாள்கூட ஆகலியே! படுக்கைச் சூடு ஆறட்டும்னு இருக்க மாட்டியா?”

“அளக்கத்தானே செய்யறார். தூக்கிட்டா போறார்?”

பெர்மெத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தோலோனுடைய தம்பியின் விதவை அவள். ஒன்பது வருஷமாக மாமியாரைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, துடைத்துப் பார்த்துக்கொண்டவள். இந்தக் கூரையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

“வீட்டை பெர்மெத்துக்கு எழுதி முத்திரையும் வாங்கிட்டேன்னு உங்கம்மா என்கிட்டயே சொன்னா.”

“அந்தக் காகிதத்தைக் காட்டுங்க, இப்பவே கிளம்பிடறேன். வீடு முழுக்கத் தேடியாச்சு. கிராம அலுவலகத்துலயும் நகல் இல்லயாம். எங்க வெச்சாங்களாம்?”

“தன்கிட்டயே இருக்குன்னுதான் அத்தை சொன்னாங்க,” என்றாள் பெர்மெத்.

“அப்போ கூடவே கொண்டு போயிட்டாங்க போல.” சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூராகானின் உடலைக் கழுவிய நாலு பேரில் நானும் ஒருத்தி. வலது கை என் பங்கு. கோடரி பட்டு நகம் இரண்டாகப் பிளந்துபோன அந்தக் கட்டைவிரலை நான்தான் துடைத்தேன். அவள் வெறுங்கையோடுதான் போனாள்.

பெர்மெத் கொப்பரையில் எண்ணெய் காயவைத்தாள். வியாழக்கிழமை மாவுத் துண்டுகளைப் பொரித்து வாசனை எழுப்ப வேண்டும். போனவர்கள் அந்த வாசனைக்கு வருவார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“பெரியம்மா,” குரலைத் தாழ்த்தினாள். “உங்க மேல ஈரச் சோப்பு வாசனை அடிக்குது. அத்தையைக் கழுவின அன்னிக்கு அடிச்ச அதே வாசனை.”

நான் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உடலைக் கழுவியவர்களுக்குப் போனவர்களின் துணிமணியைப் பங்கிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். தோலோன் எதையும் உதறிக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டினான். எனக்கு வந்தது கறுப்பு வெல்வெட்டில் பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை. கடைசிக் குளிர்காலம் முழுக்க சூராகானின் உடம்பைவிட்டு இறங்காத சட்டை. அதை என் பெட்டியில் வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அது நனைந்துபோகிறது. காயவைப்பேன். அடுத்த வியாழன் மறுபடி நனைந்திருக்கும். மற்ற துணியெல்லாம் காய்ந்தே இருக்கும்.

யாரிடம் சொல்வது? கழுவியதில் ஏதோ குறை வைத்துவிட்டேன், அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றும் பெட்டியைத் திறந்தேன். ஈரம். சோப்பு வாசனை. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. நான் பொத்தான் போடவில்லை.

“சரி, உன்னைக் கழுவினாப்போல இதையும் கழுவிடறேன். அப்புறமாவது விட்டுடு,” என்றேன்.

தொட்டியில் வெந்நீர் ஊற்றினேன். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பனிமேல் நீலமாக மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சட்டையைத் தண்ணீருக்குமேல் தூக்கினேன்.

என் மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

அறையில் யாரும் இல்லை.

பிடி இறுகியது. குளிர்ந்த நாலு விரல். பிறகு கட்டைவிரல். அதன் நகத்தின் இரண்டு பாதியும் என் தோலில் தனித்தனியாகக் குத்தின.

“சூராகான்…” என் குரல் எனக்கே கேட்கவில்லை. “கழுவ வேண்டாமா?”

அந்தக் கை என் கையை இழுத்தது. தொட்டியிலிருந்து விலக்கி, சட்டையின் உள்பக்கம், இடது அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் அழுத்தியது.

உள்ளே ஏதோ சரசரத்தது.

கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தேன். வெள்ளை நூலில் கோணல்மாணலான தையல். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த காகிதம் மட்டும் அடுப்படியில் வைத்த அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

காகிதத்தோடு சூராகானின் வீட்டுக்கு ஓடினேன். தோலோன் அதை இரண்டு தடவை படித்தான். இன்னும் அங்கேயே இருந்த நாடாக்காரன் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

“அம்மா கையெழுத்துதான்,” என்றான் தோலோன். காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அடுப்பைப் பார்த்தான். “ஆனா ஒண்ணு, பெரியம்மா. காகிதம் எரியும்.”

பெர்மெத் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். தன் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சட்டையை நான் நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்தாள். “அது உங்க பங்கு. நீங்களே வெச்சுக்கோங்க.”

நாற்பதாம் நாள் நல்லபடியாக முடிந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் பெர்மெத்திடமிருந்து போன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள்.

“பெரியத்தான் வந்து பெட்டியை உடைச்சுட்டார், பெரியம்மா.”

“ஐயோ! காகிதம்?”

“இல்ல.”

“எரிச்சுட்டானா?”

“அவருக்கும் கிடைக்கல. அடுப்பை மூட்டிட்டுத்தான் உடைச்சார். உள்ள காகிதமே இல்ல. காலைல கூட நான் பார்த்தேன், சாவி என் கழுத்துலதான் இருக்கு. எல்லாத்தையும் கொட்டிக் கிளறிட்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய்க் கிளம்பிட்டார். எங்க போச்சு, பெரியம்மா?”

போனை வைத்தேன். சோப்பு வாசனை என் அறைக்குள் வந்துவிட்டிருந்தது.

பெட்டியைத் திறந்தேன்.

சட்டை நனைந்திருந்தது. கழுத்துவரை பொத்தான். உள்பக்கத்தைத் திருப்பினேன். நான் பிரித்த இடம் மூடியிருந்தது. அதே வெள்ளை நூல், அதே கோணல் தையல். விரலால் அழுத்தினேன். சரசரத்தது.

நூலின் நுனியை இன்னும் அறுக்கவில்லை. அதில் ஊசி தொங்கியது.

ஆடிக்கொண்டிருந்தது.