தேங்க்ஸ் சொன்ன டாக்டர்

வார்டு மேஜை மேலிருந்த ஃபோன் அலறியது!

எடுக்க ஆளில்லை. நர்ஸிங் மாணவி ஓடிப்போய் எடுத்தாள்.

அவளுக்குப் பெயர் உண்டு. ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. 'ஏய் ஸ்டூடண்ட்!' அவ்வளவுதான்.

"ஏழாம் பெட் லாரி டிரைவருக்கு நினைவு வந்துடுச்சா?" ஆண் குரல்.

"நீங்க யாரு பேசறது?"

"சாயந்திரம் போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கறானாமே... அதுவரைக்கும் இருப்பானா?"

சிரிப்பு. டொக்!

ஏழாம் பெட்காரர் ஒரு கொலையை நேரில் பார்த்தவர். பார்த்த குற்றத்துக்காக அடித்துப் போடப்பட்டவர்.

"சிஸ்டர்... ஒரு ஃபோன்..."

"அப்புறம் சொல்லுடி! ரவுண்ட்ஸ் வந்தாச்சு!"

பெரிய டாக்டர் நுழைந்தார். பின்னால் வால் மாதிரி ஜூனியர்கள்.

"சார்... ஏழாம் பெட் பேஷண்ட்டைப் பத்தி..."

அவர் அவளைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தார்.

"இது ஏன் பேசுது?"

இது!

"ஸ்டூடண்ட் சார்... புதுசு..."

"ஸ்டூடண்ட்டுக்குக் காது போதும். வாய் எதுக்கு? இன்னொரு தடவை வாயைத் திறந்தா காலேஜுக்குத் திருப்பி அனுப்பிடுங்க. ட்ரெயினிங் கேன்சல்!"

ஜூனியர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது அவர்கள்தான்.

அவளுக்குக் காது மடல் எரிந்தது.

வாசலில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளிடம் போனாள்.

"அண்ணா, மிரட்டல் ஃபோன் ஒண்ணு வந்துச்சு..."

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லப் போனேன்..."

"அப்ப அவர் பாத்துப்பார். நீ போ."

போனாள். ஏழாம் பெட் பக்கத்திலேயே நின்றாள். டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். தெர்மாமீட்டரை உதறினாள். மறுபடி உதறினாள்.

திரை விலகியது.

வெள்ளைக் கோட். கழுத்தில் ஸ்டெத். முகத்தில் மாஸ்க். கான்ஸ்டபிள் எழுந்து சல்யூட் அடித்தது திரைக்கு வெளியே தெரிந்தது.

"குட் ஆஃப்டர்நூன்மா. நான் மயக்க டாக்டர். வலிக்கு ஒரு ஊசி போடணும். இவர் எப்படி இருக்கார்? நீங்க என்ன நினைக்கறீங்க?"

நீங்க!

அவள் உருகிப்போனாள்.

"நல்லா இருக்கார் சார்! காலைல தண்ணி கேட்டார். பேச்சு தெளிவா இருக்கு. சாயந்திரம் போலீஸ்கிட்டகூட பேசிடுவார் சார்..."

அவர் குறுக்கிடவில்லை. கடைசி வார்த்தைவரை தலையசைத்துக் கேட்டார்.

"ரொம்ப அழகா சொன்னீங்க. தேங்க்ஸ்மா."

அவர் மருந்தை ஊசியில் ஏற்றினார்.

அவளுக்கு அந்த ஃபோன் ஞாபகம் வந்தது.

ஏன்? அன்பாகப் பேசுகிறார். அதற்காகவா சந்தேகம்? என்ன கேவலமான மனசு இது! ஒரு நல்ல சொல்லைக்கூட நம்ப முடியாமல் ஆக்கிவிட்டார்களே என்னை... நிஜமாகவே நல்ல டாக்டராக இருந்தால்? கத்தினால் ட்ரெயினிங் போச்சு. கத்தாவிட்டால்... டிரைவர் போய்விட்டால்?

ஊசி முனை டிரைவரின் கையை நெருங்கியது.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சார்... இந்த ஊசிக்கு முன்னாடி பேஷண்ட் காலுக்கடியில தலகாணி வைக்கணும் சார்."

சுத்தப் பொய்! எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நிஜ டாக்டராக இருந்தால் இந்நேரம் கூரை அதிர்ந்திருக்கும்.

"அட, ஆமாம்... மறந்தே போயிட்டேன். தேங்க்ஸ்மா."

ஊசியைத் தட்டில் வைத்தார். இரண்டு கையாலும் டிரைவரின் காலைத் தூக்கினார். தலையணையை அவரே எடுத்தார்!

அவ்வளவுதான்.

தட்டைப் பறித்துக்கொண்டு அலறினாள்.

"இவன் டாக்டர் இல்ல! பிடிங்க! அண்ணா, பிடிங்க!"

அவன் பாய்ந்தான். சிஸ்டர் தள்ளிய மருந்து வண்டி அவன் முழங்காலில் மோதியது. விழுந்தவன் மேல் கான்ஸ்டபிள் முழு எடையோடு உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து ஊசியைச் சோதனைக்கு அனுப்பினார். உள்ளே இருந்தது யானையையே சாய்த்திருக்கும் என்று முடிவு வந்தது. சாயந்திரம் டிரைவர் வாக்குமூலம் கொடுத்தார்.

பெரிய டாக்டர் அவசரமாக வந்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் சிஸ்டரைப் பார்த்தாள்.

"பேசுடி! இப்ப பேசலாம்!" என்றாள் சிஸ்டர்.

"சார்... நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவன் குறுக்க பேசாம கேட்டான் சார்."

"அதனால?"

"ரெண்டு தடவை தேங்க்ஸ் சொன்னான். நான் சொன்னேன்னு தலகாணியை அவனே எடுத்தான். டாக்டரா இருந்தா... செய்ய மாட்டாங்க சார்."

ஜூனியர்கள்கூடச் சிரிக்கவில்லை.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அப்படியே போய்விட்டார்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். சளிக்காக மாஸ்க் போட்டுக்கொண்டு வந்த பெரிய டாக்டர் நேராக அவளிடம் வந்து நின்றார். குரல் கொஞ்சம் தடுமாறியது.

"உங்க பேரு என்னம்மா? ஏழாம் பெட்டைப் பத்தி... நீங்க என்ன நினைக்கறீங்க?"

வாசல் நாற்காலியிலிருந்து கான்ஸ்டபிள் துள்ளி எழுந்தார்.

"யோவ், அசையாதே! ஐடி கார்டை எடு!"