சபரிக்கும் ஒரு தட்டு

புழக்கடைக் கதவின் தாழ்ப்பாளை யாரோ வெளியிலிருந்து விலக்கிய சத்தம் கேட்டபோது ஷிரீன் தணலில் சோளக்கதிரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வரவேண்டிய பிரீத்தி ஏற்கெனவே வந்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

உள்ளே வந்தவள் அறிவுச்செல்வி.

"ஊருக்குப் போறேன்னியே ஷிரீன், போகலியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஷிரீனுக்கு முகம் எரிந்தது. மூன்று பேரின் பிள்ளைகளும் எடப்பாடியில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. பனிக்காலம் வந்தால் வாரத்தில் ஒரு சாயங்காலம் யாராவது ஒருத்தி வீட்டில் தீ மூட்டி, கிழங்கும் கறியும் சுட்டுத் தின்று, வயிறு வலிக்கச் சிரித்துப் பேசுவார்கள். ஐப்பசி மழையில் செல்வியின் மகன் சபரிநாதன் காய்ச்சலில் இறந்துபோனான். செல்வி மட்டும் அவன் இருப்பதுபோலவே பேசினாள். சபரி இன்றைக்குச் சோறே தின்னவில்லை என்பாள். மகன் இல்லாத பள்ளி வாசலில் வந்து நிற்பாள். பார்க்க முடியவில்லை. அவளை விட்டுவிட்டு பிரீத்தி வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு குழு தொடங்கியபோது ஷிரீனும் சேர்ந்துகொண்டாள். ஊருக்குப் போவதாக நேற்றுப் பொய் சொன்னதும் அவள்தான்.

"சபரிதான் இழுத்துட்டு வந்தான். கெழங்கு வாசம் எங்கூடு வரைக்கும் வருதாமா."

பிரீத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஷிரீன் எழுந்து, தேவைக்கு மேல் சத்தமாக, "வா செல்வி. வா சாமி சபரி, இது உன் ஊடு மாதிரிதான, ஒக்காரு" என்றாள். செல்விக்கு ஒரு தட்டும் பக்கத்தில் வெறும் தரைக்கு ஒரு தட்டும் வைத்தாள்.

செல்வியின் கண் நிறைந்துவிட்டது. "அவனையும் கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

அந்தச் சொல் ஷிரீனை அறைந்ததுபோல் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் பழையபடி ஆனது. கொழுப்பு தணலில் சொட்டிச் சீறும் சத்தமும், தீய்ந்த சோளத்தின் வாசமும், அடுத்த தெருவில் ஓடும் விசைத்தறிகளின் ஓயாத தடதடப்பும், எதையோ சொல்லிப் பாதியிலேயே தானே சிரித்துவிடும் செல்வியின் பழைய குரலும். ஷிரீனின் மகள் அஃபீபா அந்த இரண்டாவது தட்டின் அருகே போய் உட்கார்ந்து, நரிக்கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். நடுநடுவே நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு, "இல்ல, நரி சாகல" என்று பதில் சொன்னாள்.

தட்டில் வைத்த கிழங்கு பாதியாகியிருந்தது. அஃபீபாவின் இரண்டு கைகளும் சால்வைக்குள் இருந்தன.

பிரீத்தியும் அதைப் பார்த்தாள். "பாப்பா தேடும், வாரேன்க்கா" என்று எழுந்தவள் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போய்விட்டாள்.

கிழங்குத் தோல் மட்டும் மிஞ்சியபோது செல்வி எழுந்தாள். "சபரி, அம்மா வாரேன் சாமி. அத்தைய தொந்தரவு பண்ணாம இரு."

"அவனையும் கூட்டிட்டுப் போ செல்வி." தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதை ஷிரீனால் நம்ப முடியவில்லை.

"எங்கிட்ட இருந்தா அழுதுட்டே இருக்கறான். ஒரு பொழுது தூங்க உடமாட்டேங்கறான்." செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாரும் வான்னு சொல்லலையே ஷிரீன். நீதான கூப்பிட்ட."

திரும்பிப் பார்க்காமல் போனாள். பல நாள் சுமையை இறக்கி வைத்தவளின் நடை.

தறிச்சத்தம் நின்றது. மின்சாரம் போய்விட்டிருந்தது. தெரு முழுக்க இருட்டு. மிச்சம் இருந்தது தணல் மட்டும். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் தட்டு தானாக நகர்வதைக் காண ஷிரீனுக்குத் துணிவில்லை. வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

சீறல். ஆவி. கண்ணெரிச்சல்.

"அஃபீபா. இங்க வா."

சின்ன உடம்பு ஒன்று தடுமாறி வந்து மடியில் ஏறியது. கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஷிரீன் அதன் முதுகைத் தடவினாள். "ஒண்ணுமில்ல கண்ணு. பயப்படாத." விரல்களில் கிழங்கின் பிசுபிசுப்பு. மூச்சு கழுத்தில் பட்டது. இழுத்து இழுத்து வந்தது. மெல்ல ஆட்டினாள். கனம் கூடியது. தூங்கப்போகிற பிள்ளையின் கனம்.

மின்சாரம் வந்தது. சமையலறை விளக்கு எரிந்தது.

கதவருகே அஃபீபா நின்றிருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர்.

"தாகமா இருக்குன்னான்ம்மா. அதுக்குள்ள தூங்கிட்டானா?"

ஷிரீன் குனிந்து பார்க்கவில்லை. தள்ளிவிடக் கை எழவில்லை. வா என்று சொன்னவள் அவள்தானே.

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.