சுவர் குடித்த தண்ணீர்

"நைனா, செவுரு குடிக்கிற தண்ணிய எல்லம்மா குடிச்சா இன்னா?"

ரங்கசாமியின் சிறுமகள் சந்திரகலா இதைக் கேட்டது சித்திரை வெயிலில். கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி வரப்போகிறது, ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர் தன் பழைய மண்சுவர் வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டினார். செங்கல், சிமெண்டுக் கலவை, அதன் மேல் பூச்சு. வெடிப்பு விடாதிருக்கத் தினமும் தண்ணீர் அடிக்க வேண்டும்.

சித்தாள் எல்லம்மா கலவைச் சட்டியை இறக்கிவிட்டுக் கைகளைக் குவித்து நீட்டினாள்.

"ஒரு கை ஊத்துங்க ஐயா. செவுரு உங்கள வாழ்த்தாது, நான் வாழ்த்துவேன்."

கிணற்றடிக்கு அவள் வரக்கூடாது, சொம்பைத் தொடக்கூடாது. அவர்தான் மேலிருந்து ஊற்ற வேண்டும். நிறைந்த சொம்பு அவர் கையில்தான் இருந்தது.

"மொதல்ல செவுரு நனையட்டும்" என்று தண்ணீரைச் சுவரில் வீசினார்.

ஆடிக்கு ஆடி பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர் அவர்.

சற்று நேரத்தில் எல்லம்மா சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே உயிர் போயிற்று. குவித்த கை விரியவே இல்லை என்று வண்டிக்காரன் முனுசாமி சொன்னான்.

அதன் பிறகு அந்தச் சுவர் நனையவில்லை. குடம் குடமாக ஊற்றியும் பூச்சில் ஈரத்தடம் விழாமல், தரைக்கு ஒரு சொட்டும் இறங்காமல், பழைய மண்ணும் புதுச் செங்கலும் சேரும் இடத்திலிருந்து மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை மட்டும் வந்தது.

"இன்னாங்க, இதுக்கு ஊத்தியே கெணறு வத்திப்பூடும் போல" என்று மனைவி சம்பூர்ணம் சிரித்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கும் சந்திரகலாவுக்குத் தாகம் தொடங்கியது. எவ்வளவு குடித்தும் உதடு வெடித்தது. கண் குழிந்தது.

"நைனா, எனக்கு ஊத்துற தண்ணி செவுத்துக்குள்ள போவுது."

அந்தி நேரம். சம்பூர்ணம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே வருவதாகச் சொன்ன ரங்கசாமியின் கால்கள் கிணற்றடிக்குப் போயின. சொம்பை நிறைத்தார். அறைக்குள் வந்தார்.

ஈரச் சிமெண்டு வாடை. இருட்டு. பூச்சு மெல்லப் புடைத்தது.

இரண்டு கைகள். குவிந்த கைகள். கலவை தின்ற விரல்நுனிகள்.

பழக்கத்தில் சொம்பு தானாக மேலே உயர்ந்தது. வெட்கம் அவரைச் சுட்டது. கையைத் தாழ்த்தினார். சொம்பையே அந்தக் கைகளில் வைத்தார்.

"குடி தாயி."

விரல்கள் மூடின. மடக். மடக். வெற்றுச் சொம்பு திரும்பி வந்தது. விளிம்பில் எச்சில் ஈரம். அவள் போனபின் முதல் முறையாகச் சுவரில் ஈரம் பரவியது.

தெருக்கோடியிலிருந்து மகளின் குரல் கேட்டது. "எறக்கி உடும்மா. தாகம் போயிடிச்சி."

ரங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

கைகள் உள்ளே போகவில்லை. மறுபடியும் குவிந்து நின்றன.