வேறொரு டார்ச்

ஃபேனுக்குள்ளே ஏதோ உருண்டது.

மே மாத மத்தியானம், சாப்பிட்ட அலுப்பில் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்திருந்த வளவனுக்கு முதலில் அது வழக்கமான முனகல் என்றுதான் பட்டது. அப்பா நெய்வேலி மைன்ஸில் பெர்மனென்ட் ஆன வருஷம் குவார்ட்டர்ஸோடு வந்த ஃபேன், முனகாமல் சுற்றினால்தான் அதிசயம். ஆனால் இது முனகல் இல்லை. கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புச் சாமான் தகரத்துக்குள் இந்தப் பக்கம் உருண்டு, முட்டி, கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் உருளுகிற சத்தம். எழுந்து ஸ்விட்சை அணைத்தான். இறக்கைகள் நின்றன. உருளல் நிற்கவில்லை.

"இசை, மேல எலி கிலி ஓடுதா?"

"காங்கிரீட்டு மேல எலி எங்கங்க ஓடும்? ஃபேனைப் போடுங்க, புழுங்குது." சமையலறையில் இருந்த மனைவி இசைப்பிரியா மிக்ஸியை ஓட்டினாள்.

ஃபேனை மறுபடி போட்டான். மிக்ஸிக்குள்ளேயும் அது உருண்டது. தெருவில் போன ஆட்டோவின் சக்கரத்திலும் உருண்டது.

அது என்ன என்று அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

வளவன் விமானப்படையில் கார்ப்பரல். கடலோரத் தளம் ஒன்றில் ஹெலிகாப்டர் பராமரிக்கிற வேலை. நேற்றுக் காலை லீவுக்குக் கிளம்புமுன் பைலட் இருக்கைக்குக் கீழே தலையை விட்டு வேலை பார்த்துவிட்டு வந்தால், டூல் பெட்டியில் டார்ச் இருக்கிற பள்ளம் காலி. அந்தப் பெட்டியின் ஸ்பாஞ்சில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். ஒன்று காலியாக இருந்தாலும் ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பக் கூடாது. தேடித் தேடிப் பார்த்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, மகள் அபிக்குக் காதுகுத்து வேறு. பையில் இருந்த தன் சொந்த டார்ச்சை எடுத்துப் பள்ளத்தில் அமுக்கினான். பாழாய்ப்போனது, கச்சிதமாக உட்கார்ந்தது.

சொல்லியிருக்கலாம். தவறைச் சொன்னால் தண்டனை இல்லை என்று ஹெலிகாப்டர் நிறுத்துகிற ஹேங்கர் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருத்தன் அதை நம்பி, ஒரு திருகாணி உள்ளே விழுந்துவிட்டது என்று போய்ச் சொன்னான். பறப்பு நின்றது, ஸ்குவாட்ரனுக்கு வரவேண்டிய கோப்பை போனது. தண்டனை கிடையாது, லீவு மட்டும் ரத்து. நுணலும் தன் வாயால் கெடும் என்று தமிழ்ப் பசங்க எல்லாரும் சிரித்தார்கள், வளவனும்தான். போய்ச் சொன்னவனுக்கு இன்றைக்கும் தவளை என்றுதான் பேர்.

அந்த ஹெலிகாப்டரை இன்று ஓட்டப்போவது ஃப்ளைட் லெப்டினன்ட் சண்முகசுந்தரம். நெல்லிக்குப்பத்துக்காரர். லீவுக்குப் பரிந்து பேசியவரே அவர்தான். அவர் காலடியில் கன்ட்ரோல் ராடுகளுக்கு நடுவே டார்ச் சிக்கினால், கடலுக்கு மேலே அவர் என்ன திருப்பினாலும் ஹெலிகாப்டர் திரும்பாது. இப்போது சொன்னாலும் போதும், மனுஷனும் கூடப் போகிற மூன்று பேரும் பிழைத்துக்கொள்வார்கள்.

டக்.

சுவருக்குள்ளே. பீரோவுக்குள்ளே. குனிந்தால் பாய்க்கு அடியிலே.

போனை எடுத்தான். பெட்டியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட சார்ஜன்ட் வேலுமணி உடனே எடுத்தார்.

"அண்ணே, அந்த மெஷினு பறக்கக் கூடாதுண்ணே. டார்ச் உள்ள கிடக்கு."

"என்னடா உளர்ற? பெட்டி ஃபுல்லா இருந்துச்சு, நான்தான பாத்தேன்."

"அதுல இருக்கறது வேற டார்ச்சுண்ணே."

"அடப்பாவி!" பின்னால் இன்ஜின் கிளம்புகிற இரைச்சல். "இப்ப நிறுத்தச் சொன்னா நீயும் காலி, நானும் காலி. ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டும். வந்ததும் நானே நைஸா எடுத்துடறேன். சும்மா கிடக்கற சங்கை ஊதிக் கெடுக்காத. என்ன, சரியா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் இருந்தது.

"சரிண்ணே."

சத்தம் நின்றது.

வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டான். அப்பாடா என்று சுவரில் சாய்ந்து, முகத்தைத் துடைத்து, வெயில் தாழும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம்தான் உறைத்தது. ஃபேன் சுற்றுகிறது, சத்தம் இல்லை. தெருவில் பைக் போகிறது, சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து காதுக்குள் குடியிருக்கிற சுரங்கத்து கன்வேயர் இரைச்சல், அதுவும் இல்லை. ஜன்னலில் படிந்திருந்த சாம்பல்தூசி வாசனை போய் வேறொரு வாடை வந்தது. உப்பு. பாசி. ஈரம்.

நெய்வேலியில் ஏது கடல்?

வேலுமணிக்குப் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை.

"அப்பா." அபி. கையில் காலிச் சொம்பு. "வாசல்ல ஒரு மாமா தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். இன்னும் வேணுமாம்."

"யாருங்க அது?" உள்ளேயிருந்து இசை. "வாசல்லயே நிக்கறாரு பாவம், உள்ள கூப்புடுங்க."

அவளுக்கும் தெரிகிறது.

வாசலுக்குப் போனான்.

முருங்கை மரத்தடியில் பச்சை ஓவரால். தலையில் ஹெல்மெட். முகத்தை மூடிய கறுப்புக் கண்ணாடி. அதன் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர், கழுத்திலிருந்து நெற்றிவரை. அதில் ஏதோ மெல்ல அசைந்தது.

"சார், டார்ச் உள்ள இருக்கு சார்!" கத்தினான். இப்போதுதான் வந்தது வாய். "நான்தான் சார் விட்டுட்டேன்! பறக்காதீங்க சார்!"

அந்த உருவம் மெதுவாகத் தலையாட்டியது, கேட்டுக்கொண்ட மாதிரி.

அபி அதற்குள் நிறைசொம்போடு அவனைத் தாண்டி ஓடினாள். பிடிக்கக் கையை நீட்டினான், எட்டவில்லை. உருவம் சொம்பை வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் கவிழ்த்தது. குடித்த தண்ணீர் அத்தனையும் ஓவரால் கால்வழியே செம்மண்ணில் இறங்கியது. சொம்பைக் குழந்தையிடமே திருப்பிக் கொடுத்தது.

அபி வாசல் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே இன்னும் மூன்று பேர், ஹெல்மெட்டோடு, வரிசையாக.

"அப்பா," என்றாள், "அவங்களுக்கும் வேணுமாம்."